துடைத்து வென்றவள்

நெடுங்கரையில் ஆறு வற்றினால் ஊர் ஆற்றுக்குள் இறங்கிவிடும். மாசியில் கடைசித் தண்ணீர் போனதும் முதலில் மாடுகள் இறங்கும், பிறகு வெள்ளரிக்காய் போடுகிறவர்கள், பங்குனி பிறந்து மணல் நன்றாகக் காய்ந்த பிறகு சதுரங்கப் பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆணும் பெண்ணுமாக மற்ற எல்லாரும் இறங்குவார்கள். அதிலிருந்து ஆனியில் அணை திறந்து தண்ணீர் வருகிறவரைக்கும் நெடுங்கரைக்காரர்களைத் தேடி வருகிறவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை, நேரே கரைமேல் ஏறி நின்று மணலைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இந்த ஊருக்கு ஏன் சதுரங்கப் பித்து பிடித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், ஒன்றும் நம்பும்படி இருக்காது.

அந்த ஊர் ஆட்டத்தில் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாத வழக்கம் ஒன்று உண்டு. ராஜாவை மடக்கினால் மட்டும் போதாது. எதிராளியின் யானை, குதிரை, மந்திரி, கடைசிச் சிப்பாய் வரைக்கும் ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்து, ராஜாவை ஒற்றை ஆளாக நிறுத்தி, அதற்குப் பிறகுதான் மேட் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் துடைப்பு. துடைக்காமல் ஜெயித்தவனைத் தோற்றவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் டீக்கடைக்குள் அவன் நுழையும்போது "மிச்சம் வச்சவரு வர்றாரு, பெஞ்சுல இடம் விடுங்க" என்பார்கள். அதைக் கேட்பதற்குத் தோற்றே தொலைக்கலாம்.

துடைப்பில் ஊருக்கே பெரிய கை அஞ்சுகம்தான். தெற்குத் தெருவில் மாவு மில் நடத்துகிறவள். சரியாகச் சொன்னால் மில் அவள் புருஷன் சந்திரகாசனுடையது, அவருடைய அப்பா போட்டது; கல்யாணமாகி வந்த புதிதில் அஞ்சுகம் சல்லடை சலிக்க மட்டும்தான் உட்கார்ந்தாள். அரவைக்கல் கொத்த ஆள் சொல்ல மறந்துவிட்டார் என்று அதை அவள் எடுத்துக்கொண்டாள், பெல்ட் பிய்ந்ததைக் கவனிக்கவில்லை என்று அதை எடுத்துக்கொண்டாள், சுவிட்சை அணைக்காமல் சாப்பிடப் போய்விட்டார் என்று அதையும் எடுத்துக்கொண்டாள். எதையும் பிடுங்கவில்லை, மனிதருக்கு எதற்கு வீண் கஷ்டம் என்றுதான் எடுத்துக்கொண்டாள். பிள்ளை இல்லாத வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள். கடைசியில் அவர் கையில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. மில் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, டப்பாவோடு வருகிறவர்களிடம் "நைசா, ரவையா?" என்று கேட்பார். அந்தக் கோடைக்குக் கொஞ்சம் முன்னால் அதற்கும் வேலையில்லாமல் போயிற்று. எந்த வீட்டுக்கு எந்தப் பதம் என்பது அஞ்சுகத்துக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து "ரஞ்சிதம் வீட்டுக்கு ரவைதான், இப்படிக் கொண்டாங்க" என்று குரல் வந்துவிடும். சந்திரகாசன் முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். இப்படி உட்கார்ந்திருக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஊர் பேசியது, அஞ்சுகமும் அப்படித்தான் நினைத்தாள்.

சித்திரைக் கடைசியில் நடக்கிற பெரிய ஆட்டத்தில் அந்த வருஷமும் அவர்கள் இரண்டு பேரும்தான் மிஞ்சினார்கள். ஆரம்பத்தைச் சந்திரகாசன் அழகாக ஆடுவார், பார்க்கிறவர்கள் கண்வைத்துவிடுவார்கள். ஆனால் காய்கள் குறையக் குறைய அவருடைய கை தயங்கும், அஞ்சுகத்தின் கை வேகமெடுக்கும். வெயில் இறங்குகிற நேரத்துக்கு அவருடைய ராஜா மூலைக் கட்டத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது, அதிலிருந்து ஒரு குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் அவருடைய கடைசிச் சிப்பாய் நின்றது. அஞ்சுகம் ராணியை ஒதுக்கி வைத்துத் தன் ராஜாவை நிதானமாக நடத்திக் கொண்டுவந்திருந்தால் எந்தத் தொந்தரவும் இல்லாமல் மேட் விழுந்திருக்கும். ஆனால் சுற்றி நின்ற கூட்டம் "துடை, துடை" என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தது, ஆட்டத்தை மேற்பார்க்கிற டீக்கடைக் கலியமூர்த்தியும் நடுவர் என்பதை மறந்து தலையாட்டிக்கொண்டிருந்தார், அந்தச் சிப்பாயோ ராணியின் வாய்க்கு நேரே நின்றுகொண்டிருந்தது. அஞ்சுகம் ராணியைத் தூக்கிச் சிப்பாயை வெட்டினாள். வெட்டிய காயை மடியில் போட்டுக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

சந்திரகாசன் பலகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எனக்குப் போக இடமில்ல அஞ்சு" என்றார்.

"செக் இருக்கா?"

"செக் இல்ல. நின்ன எடத்துல நிக்கலாம். ஆனா என் முறை, நகரணும். நகர எடமில்ல."

கூட்டம் குனிந்து பார்த்தது. உண்மைதான். ராஜாவைச் சுற்றியிருந்த மூன்று கட்டங்களையும் ராணி எட்ட நின்றே அடைத்துக்கொண்டிருந்தது, நகர்த்த வேறு காயும் இல்லை. நெடுங்கரையில் இதற்கு முட்டு என்று ஒரு பழைய சொல் இருந்தது, ஆனால் முட்டு விழுந்தால் யாருக்கு வெற்றி என்பது யாருக்கும் ஞாபகமில்லை. அடைத்தவருக்குத்தான் என்றார்கள் பாதிப் பேர், அடைபட்டவருக்குத்தான் என்றார்கள் மீதிப் பேர், வாக்குவாதம் முற்றிக் கலியமூர்த்தியின் துண்டு கிழிந்தது. அந்தச் சந்தடியில் சந்திரகாசன் எழுந்து வேட்டியிலிருந்த மணலைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போகக் கால் எடுத்து வைத்தார். ஒரு எட்டுக்கு மேல் கால் போகவில்லை. எதிரே ஒன்றுமில்லை, காற்றுதான், ஆனாலும் மாவு மூட்டையில் மோதியதுபோல் மெத்தென்று நின்றுவிட்டது. இடதுபக்கம் வைத்துப் பார்த்தார், வலதுபக்கம் வைத்துப் பார்த்தார், பின்னால் வைத்துப் பார்த்தார். பிறகு யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாதவராக அங்கேயே நின்றுகொண்டார்.

இளவட்டங்கள் நாலு பேர் அவரை அலாக்காகத் தூக்கி நாலைந்து எட்டு தள்ளி வைத்தார்கள். வைத்த மாத்திரத்தில் அவர் மூச்சு நின்று உதடு நீலம் பாரித்தது. பதறிப்போய்ப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியதும் மூச்சு வந்தது. இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் அப்படித்தான். அதற்குப் பிறகு அவரைத் தூக்குகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பலகையில் இருக்கிற ராணியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ரஞ்சிதம் சொன்னாள். எடுத்தார்கள். காய்களையெல்லாம் கொட்டிக் கவிழ்த்தார்கள். புதிதாக அடுக்கி, அவருக்குச் சிப்பாயைத் திருப்பிக் கொடுத்து, தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். மரக்காய்களுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததுபோல் அவர் நின்றார்.

மறுநாள் அவருக்குத் தென்னங்கீற்றில் பந்தல் போட்டார்கள். அதற்கடுத்த நாள் நாற்காலி வந்தது, உட்காரவும் நிற்கவும் அவருக்குத் தடையில்லை, கையை நீட்டிக் கிழக்கே ஒரு எட்டு, மேற்கே ஒரு எட்டு நடக்கக்கூட முடிந்தது. ஒரு வாரத்துக்குள் ஊருக்கு அது பழகிவிட்டது. வெள்ளரிக்காய்க்காரி தன் பாத்திக்குச் "சந்திரகாசனுக்குத் தெற்கே" என்று அடையாளம் சொன்னாள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் குத்துவிளக்கு வைக்க இடமில்லாத மணலில் தாம்பாளத்தை வைத்து முறையோடு அழைத்துவிட்டு, "வந்துதான் ஆகணும்னு இல்லண்ணே, ஆசீர்வாதம் இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கி வந்து அவர் கட்டைவிரலை அழுத்தினார். தபால்காரர் ஆற்றுமணல் என்று விலாசம் போட்டு வந்ததைக்கூட வாங்கி வந்து கொடுத்தார். ஆட்டங்கள் மறுபடியும் தொடங்கின. ஆனால் துடைக்கக் கைவைக்கிறவர்கள் ஒருமுறை பந்தலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எதிராளிக்கு ஒரு சிப்பாயை விட்டுவைத்தே மேட் வைத்தார்கள். சந்திரகாசன் சிப்பாய் என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. டீக்கடையில் கேலி செய்ய ஆளில்லை.

அஞ்சுகம் மட்டும் பழகவில்லை. மில்லைப் பூட்டிவிட்டு மூன்று வேளையும் மணலில் இறங்கினாள். சோறு கொண்டுவந்தாள், மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், நகம் வெட்டினாள், வெயில் சாயச் சாயக் கீற்றை மாற்றிக் கட்டினாள், பார்க்க வருகிறவர்கள் "எப்படிண்ணே இருக்கீங்க" என்று கேட்டால் அவருக்குப் பதிலாக "ராத்திரி சரியாத் தூங்கல, காலு வீங்கியிருக்கு, மத்தபடி பரவாயில்ல" என்று சொன்னாள். தாலுகா ஆபீசிலிருந்து வந்தவரிடமும் அவளே பேசினாள். தான் செய்த வினைக்குத் தான் பாடுபடுவதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. ஆனால் நாளாக ஆக அவர் நடக்கிற தூரம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு எட்டு அரை எட்டாயிற்று, பிறகு பாதத்தைத் திருப்பத்தான் இடமிருந்தது, வைகாசிப் பாதியில் நாற்காலியைக்கூட எடுத்துவிட வேண்டியதாயிற்று, ஏனென்றால் உட்கார முழங்கால் மடங்கவில்லை. கீற்று, சோறு, மருந்து என்று அவள் இன்னும் அதிகமாக ஓடினாள்.

கும்பகோணத்தில் சதுரங்க வகுப்பு நடத்துகிற எஸ்தர் என்ற பெண்ணைக் கலியமூர்த்தி போய்க் கூட்டிவந்தார். அவள் நின்ற மனிதரைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, காய்கள் எங்கெங்கே இருந்தன என்று மட்டும் கேட்டாள். மணலில் விரலால் கட்டம் போட்டு அஞ்சுகம் காட்டினாள்.

"இதை உலகம் பூரா டிரான்னு சொல்லுவாங்கக்கா" என்றாள் எஸ்தர். "இவரு தோக்கல, நீங்க ஜெயிக்கல."

"நான் நல்லாத்தானே ஆடினேன்?"

"ஆட்டத்தோட கடைசியில தோக்கிறவங்க அவ்வளவா தப்பு பண்றதில்ல, அவங்ககிட்ட தப்பு பண்ண என்ன மிச்சம் இருக்கு? ஜெயிக்கிறவங்கதான் பண்ணுவாங்க. முடிஞ்சுபோச்சுன்னு அவசரப்படுவாங்க. மேட் வைக்கிற வேலைய விட்டுட்டு, கண்ணுல படறத எல்லாம் வெட்டுவாங்க. கையத் தூக்கறதுக்கு முன்னாடி, இதுக்கப்புறம் எதிர்ல உக்காந்திருக்கிறவரு எதை நகர்த்துவாருன்னு பாக்கவே மாட்டாங்க."

"சரி, இப்ப நான் எதை நகர்த்தணும்? சொல்லுங்க, நகர்த்தறேன்."

எஸ்தர் மணலில் ராஜா நின்ற மூலைக் கட்டத்தைத் தொட்டாள். "உங்க முறை இல்லையேக்கா" என்றாள். "அவரு முறை."

அஞ்சுகத்துக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கும்பகோணத்திலிருந்து வரவழைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்ததற்கு இதுதானா என்று முணுமுணுத்தாள். அன்று சாயங்காலம் சந்திரகாசனுக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போது அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அஞ்சு, நீ கொஞ்சம் சும்மா இரேன்."

"சும்மா இருந்தா உங்கள யாரு பாக்கிறது?"

"யாரும் பாக்க வேணாம்."

"நல்லா இருக்கு. ஆ காட்டுங்க."

அவர் வாயைத் திறந்தார். அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள்.

ஆனி பிறக்க இருந்த சமயம் அஞ்சுகம் காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். தலைமதகில் வேலை பார்க்கிற லஸ்கர் பக்கிரிசாமி, ஆற்றில் தண்ணீர் விடுவதும் அடைப்பதும் அவர் கையில்தான், வீட்டுக்கே வந்து வாசலில் நின்று சொன்னார்: "அக்கா, மாமா இன்னிக்கு நடந்தாரு. தண்ணிக் குடம் எட்ட இருந்துச்சு. யாரும் எடுத்துத் தரல, நானும் மதகு மேலதான் நின்னேன். ரொம்ப நேரம் குடத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் ஒரு எட்டு வச்சுக் குனிஞ்சு எடுத்தாரு. மூச்செல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

காய்ச்சலோடு அஞ்சுகம் ஓடினாள். கரையிலிருந்து பார்த்தாள், அவர் நாற்காலி கிடந்த இடத்தைத் தாண்டி நின்றுகொண்டிருந்தார், முகத்தில் இத்தனை நாள் இல்லாத வெளிச்சம் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப்போய் அவர் முழங்கையைப் பிடித்தாள். "வாங்க, அப்படியே வாங்க, இடது கால முன்னாடி வைங்க, அந்தக் கால் இல்ல, இடது கால், மணல் புதையும் பாத்து" என்றாள். அவருடைய கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றுவிட்டன. கைகளும் விலாவோடு ஒட்டிக்கொண்டன. அவர் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்கு அப்போதே புரிந்திருக்கும்.

அணை திறந்தது. பக்கிரிசாமி தலைமதகை அடைத்துத் தண்ணீரை வேறு வாய்க்காலில் தள்ளிவிட்டார், ஊர் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தது. ஆனால் நெடுங்கரையைத் தாண்டித்தான் கடைமடை, அங்கே நாற்றங்கால் போட்டுவிட்டு வானத்தையும் ஆற்றையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருநாள் காலையில் டிராக்டரில் வந்து இறங்கினார்கள். சண்டைக்கு வந்தவர்கள்போல்தான் வந்தார்கள், ஆனால் மணலில் நடுவே நின்ற மனிதரைப் பார்த்ததும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் ஒருவர், "உங்கமேல எங்களுக்கு ஒண்ணும் கோவமில்லண்ணே, நாத்து கருகுது, அதான்" என்றார், சொல்லும்போதே அழுதுவிட்டார்.

சந்திரகாசன் அவரைப் பார்த்து, "திறந்து விடச் சொல்லுங்க தம்பி" என்றார்.

"ஐயையோ, அவரு பேச்ச எடுத்துக்காதீங்க" என்று அஞ்சுகம் நடுவில் வந்து நின்றாள். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. வெயில்ல நின்னு நின்னு புத்தி கலங்கியிருக்கு. எதுவா இருந்தாலும் எங்கிட்ட பேசுங்க."

அவளுக்குப் பின்னால் ஏதோ திணறுகிற சத்தம் கேட்டது. திரும்பினாள். சந்திரகாசனின் உதடுகள் சேர்ந்துபோயிருந்தன. இன்னும் ஏதோ சொல்ல இருந்தவர் சொல்லமுடியாமல் நின்றார், கண்கள் மட்டும் அசைந்தன, மூச்சு மூக்கில் நூலாகப் போய் வந்துகொண்டிருந்தது. அவருடைய கழுத்து நரம்பு புடைப்பதை அஞ்சுகம் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது; முள் எடுத்த மீன், நகம் வெட்டிய விரல்கள், தாலுகா ஆபீஸ்காரரிடம் பேசிய பேச்சு, மில் வாசலில் முக்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூடுகிற முகம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஒவ்வொன்றிலும் அவள் கை இருந்தது. இந்த மனிதரைத் தான் கொன்றுகொண்டிருக்கிறோம், இத்தனை பிரியமாக, என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் கடைமடைக்காரர்கள் பக்கம் திரும்பினாள். அடுத்து சொன்னதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, பிடுங்கித்தான் சொன்னாள்.

"அவரு சொல்லிட்டாரு. அவரு சொன்னதுதான். திறந்து விடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவரைத் தொடாமல், பந்தலைச் சரிசெய்யாமல், எதிரே கிடந்த தண்ணீர்க் குடத்தைப் பக்கத்தில் தள்ளி வைக்காமல் நடந்து கரையேறினாள். அதற்குப் பிறகு மணலில் இறங்கவில்லை.

ஊர் அவளைப் பிய்த்துத் தின்றது. இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கு இப்படியும் நெஞ்சு கல்லாகுமா என்றார்கள். மில் திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். ரஞ்சிதம் நேரிலேயே வந்து, "மனுஷன் பட்டினி கெடக்குறாரு அஞ்சுகம், ஒரு வாய் கஞ்சியாவது" என்று கேட்டாள். "நீ கொண்டுபோய்க் கொடு, ஆனா ஊட்டாத, கிட்ட வைக்காத, எட்ட வச்சிட்டு வந்துடு" என்றாள் அஞ்சுகம். ரஞ்சிதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவர் அந்தக் கஞ்சியைக் குடித்தாரா இல்லையா என்று அஞ்சுகம் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

தண்ணீர் வருகிற அன்று காலை ஊர் முழுக்கக் கரையில் நின்றது. முதலில் மணல் இருண்டது, பிறகு நுரையும் சருகும் முன்னே ஓடிவர, பின்னாலேயே புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் பரவி வந்தது. வெள்ளரிப் பாத்திகள் முழுகின. சந்திரகாசனின் பாதம் முழுகியது. அவர் பந்தல் காலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், நின்றார். முழங்காலுக்கு வந்தது. கூட்டத்தில் ஒருவன் "இந்தப் பக்கம் வாங்க மாமா, இந்தப் பக்கம்" என்று கத்தினான், உடனே எல்லாரும் கத்தத் தொடங்கினார்கள், இங்கே மேடு அங்கே பள்ளம் என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

"யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அஞ்சுகம் கூவினாள். அவள் குரலில் இருந்ததைக் கேட்டு ஊர் அடங்கியது.

இடுப்புக்கு வந்தது. பந்தல் சரிந்து கீற்றுகள் மிதந்து போயின. அஞ்சுகத்துக்கு அந்த இடம் முழுவதும் தெரியும், எங்கே மணல் திட்டு, எங்கே ஆட்டக்காரர்கள் ஊற்றுக்குத் தோண்டிய குழி, எந்தக் காலை முதலில் வைத்தால் வழுக்காது என்று எல்லாம் தெரியும்; அவ்வளவும் நாக்கு நுனியில் வந்து நின்றது. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். கலியமூர்த்தி பக்கத்தில் வந்து, "ஏதாவது பண்ணும்மா" என்று கெஞ்சினார். அவள் தலையை ஆட்டினாள். அவர் செத்துப்போனால் தானும் இங்கேயே விழுந்து போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள், அந்த முடிவு ஒன்றுதான் அவளை நிற்கவைத்தது.

தண்ணீர் மார்புக்கு வந்தபோது சந்திரகாசன் ஒரு கையை விலாவிலிருந்து எடுத்தார். மெதுவாக எடுத்தார், யாரோ எடுத்துத் தருவார்கள் என்று காத்திருந்து பழகிய மனிதர் யாரும் வராததைக் கண்டு தானே எடுப்பதுபோல். இன்னொரு கையையும் எடுத்துத் தண்ணீரில் பரப்பினார். பிறகு ஒரு கால் வைத்தார். அது இடது காலா வலது காலா என்று கரையிலிருந்து தெரியவில்லை. தடுமாறி முழுகினார், கூட்டம் ஐயோ என்றது, தலை மேலே வந்தது, இருமினார், இன்னொரு கால் வைத்தார். மூச்சு நிற்கவில்லை. உதடு நீலம் பாரிக்கவில்லை. அவர் நடந்துகொண்டிருந்தார்.

ஆனால் இந்தக் கரைக்கு வரவில்லை. தண்ணீர் இழுத்த போக்கில் கொஞ்சம், தன் விருப்பத்தில் கொஞ்சமாக அக்கரைப் பக்கம் சாய்ந்து, நாணல்களைப் பிடித்து ஏறி, அங்கே உட்கார்ந்து வேட்டியைப் பிழிந்தார். ஊர் கைதட்டியது. சிலர் அழுதார்கள். பக்கிரிசாமி தலைப்பாகையை அவிழ்த்து ஆட்டினார். சந்திரகாசன் நிமிர்ந்து பார்த்தார், கூட்டத்துக்குள் தேடி அஞ்சுகத்தைக் கண்டுபிடித்து, அவள் முகத்தில் பார்வையை வைத்தார். நடுவே ஆறு முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பாலத்து வழியா சுத்திக்கிட்டு வருவாரு" என்றார் கலியமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வண்டியை எடுத்துக்கிட்டுப் போய்க் கூட்டியாரட்டுமா?"

"வேணாம்."

"வழி தெரியாம எங்கயாவது போயிட்டாருன்னா?"

அக்கரையில் சந்திரகாசன் எழுந்துவிட்டார். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது, ஒன்று பாலத்துக்கு, இன்னொன்று வெளியூர் பஸ் நிற்கிற ரோட்டுக்கு. அந்த இடத்தில் அவர் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். அஞ்சுகத்தின் கை தன்னையறியாமல் பாலத்தின் பக்கம் காட்ட எழுந்தது, அதை இன்னொரு கையால் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அவர் பஸ் ரோட்டுப் பக்கம் திரும்பினார். முதலில் மெதுவாக நடந்தார், பிறகு கைகளை வீசிக்கொண்டு, அவளைக் கல்யாணம் செய்துகொண்ட காலத்தில் நடந்ததுபோல் விறுவிறுவென்று நடந்தார். கருவேலங்காட்டுக்குப் பின்னால் ஈர வேட்டி ஒருமுறை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

அஞ்சுகம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"செருப்பு ஆத்தோட போயிடுச்சே" என்றாள். "ரோடு கொதிக்குமே."

இரைந்து சொல்லவில்லை. ஆறு போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற கலியமூர்த்திக்கே அது கேட்கவில்லை.